விட்டுப்போனது எது என்று கேட்டவள்: குணமளிக்கும் கூட்டங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஊழியர்களுக்கும், அவர்களை அழைத்து மேடையேற்றும் எங்கள் குருமார்களுக்கும், சபை மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

நான் தென் மாவட்டத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்துநான்கு ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் கூட்டங்களில் மேடைக்கு இடப்புறம் போடப்படும் முதலுதவிக் கூடாரத்தில், பிரஷர் பார்க்கும் கருவியும் சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப்பும் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களும் வைத்துக்கொண்டு ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்திருப்பதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அது நான்தான். ஆகவே மதிலுக்கு வெளியே நின்று கல்லெறிகிறவளின் கடிதமாக இதை எண்ண வேண்டாம். வார்டில் காலை ஜெபம் முடிந்த பிறகே ஊசி டிரேயைக் கையில் எடுத்துப் பழகியவள் நான். ஜெபத்தினால் ஒன்றும் ஆகாது என்று சொல்ல எனக்கு வாய் வராது, அனுபவமும் அப்படியில்லை.

ஆனால் கடைசி நாள் இரவு கூட்டம் கலைந்த பிறகு, பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், மேடைக்கு முன்னால் மணலில் கிடப்பவற்றைப் பொறுக்குகிறவளும் நான்தான். பாதி தின்ற மாத்திரை அட்டைகள், மூக்குக் கண்ணாடிகள், ஒருமுறை ஒரு குழந்தையின் இன்சுலின் ஊசிப் பேனா. விசுவாசத்தின் அடையாளமாக எறிந்துவிட்டுப் போனவை. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துகிறவருக்கு, முன்பு வந்ததைவிடக் கடுமையாக, நிற்காமல் வலிப்பு வரலாம் என்பதும், இன்சுலினை மட்டுமே நம்பியிருக்கும் பிள்ளைக்கு அது நின்றால் ஒரு சில நாட்களே தவணை என்பதும், காசநோய் மாத்திரையை ஆறு மாதம் முடியுமுன் விட்டவருக்கு அடுத்த தடவை அதே மருந்து கேட்காமல் போகக்கூடும் என்பதும் எந்தச் செவிலியருக்கும் தெரியும். இதைப் பற்றி உங்களில் பலரிடம் நேரிலேயே பேசியிருக்கிறேன். நாங்கள் மருந்தை நிறுத்தச் சொல்வதில்லை, ஜனங்கள் தாங்களாகவே செய்கிறார்கள் என்று பதில் சொன்னீர்கள். அதை நான் நம்புகிறேன். ஆனால் அவர்களை அப்படிச் செய்யவைக்கும் போதனை எது என்பதைப் பற்றித்தான் இந்த மடல், மாத்திரையைப் பற்றியதல்ல.

என் சின்னம்மா மகள் ஒருத்தி இருந்தாள். பெயர் வேண்டாம். பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவள். மார்பில் கட்டி வந்து, அறுவை சிகிச்சை முடிந்து, ஆறு தடவை ஏற்ற வேண்டிய கீமோ மருந்தில் நான்கு ஏறியிருந்த சமயத்தில் அவளை ஒரு குணமளிக்கும் கூட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். கூட்டத்துக்குப் பிறகு ஆலோசனை மேசையில் இருந்தவர், சரீரத்தில் வியாதி தங்கியிருக்கிறதென்றால் உள்ளத்தில் அறிக்கையிடாத பாவம் ஒன்று தங்கியிருக்கிறது, அதைக் கண்டுபிடித்து அறிக்கையிட்டுவிட்டால் விடுதலை நிச்சயம் என்று சொல்லி அனுப்பினார். அன்போடுதான் சொன்னார் என்று அவளே என்னிடம் சொன்னாள். தலையில் கைவைத்து அழுதாராம்.

பீடிக் கடையில் கொடுத்த இலை, தூள், ஒப்படைத்த பீடி இவற்றுக்குக் கணக்கு எழுதும் சின்ன நோட்டு ஒன்று அவளிடம் இருந்தது. அதைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து தன் பாவங்களை எழுதத் தொடங்கினாள். கீமோவினால் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்ததால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஆறாம் வகுப்பில் டீச்சர் மேசையிலிருந்து சாக்பீஸ் எடுத்தது. மாமியார் கடைசி நாட்களில் தண்ணீர் கேட்டபோது அதட்டியது. காணிக்கைக்கென்று முடிந்து வைத்த ஐம்பது ரூபாயை மகனுக்குக் காய்ச்சல் என்று எடுத்துச் செலவழித்தது. பக்கத்து வீட்டுக்காரியின் மகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் அமைந்தபோது எரிச்சல்பட்டது. நான் சுற்றிய பீடியைக் குடித்து யாருக்காவது நெஞ்சு கெட்டிருக்கும், அது. இப்படி எண் போட்டு அறுபத்துமூன்று. ஒவ்வொன்றையும் எழுதி, ஜெபித்து, மறுநாள் காலையில் கையால் தடவிப் பார்ப்பாளாம். அறுபத்துநான்காம் எண்ணுக்கு எதிரில், "இன்னும் ஞாபகம் வரவில்லை ஆண்டவரே" என்று இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

மீதி இரண்டு தடவை மருந்தேற்ற அவள் போகவில்லை. போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்ல மாட்டேன். நோய் அதற்கு முன்பே அக்குளில் இருந்த கணுக்களுக்குப் பரவியிருந்தது, நானே அறிக்கையைப் படித்தவள். அவள் இறந்ததற்காக நான் உங்களிடம் கணக்குக் கேட்கவில்லை. கடைசி வாரம் நான் அவளுக்கு முதுகு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, "அக்கா, எதை நான் விட்டுட்டேன்?" என்று கேட்டாளே, அதற்காகக் கேட்கிறேன். ஐம்பது வருடம் ஆலயத்துக்குப் போனவள், ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவள், தான் மன்னிக்கப்படவில்லை என்ற எண்ணத்தோடு கண்ணை மூடினாள். சுகம் கிடைக்காததே அவளுக்கு அதற்குச் சாட்சியாகிவிட்டது.

நீங்கள் இந்தப் போதனைக்கு அடிக்கடி எடுத்துக்காட்டுவது கப்பர்நகூமில் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனின் கதையை. மாற்குவின் இரண்டாம் அதிகாரம். பாவமன்னிப்பும் சுகமும் ஒரே இடத்தில் வருகிற கதை அது என்பது உண்மைதான். அதனாலேயே அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கைவைத்தியம் தெரியாத ஊரில் டாக்டர் சீட்டை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். அந்தக் கதையில் படுத்திருப்பவன் வாயைத் திறப்பதே இல்லை. ஒரு பாவத்தையும் அறிக்கையிடவில்லை. சுகம் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு, திமிர்வாதக்காரனை நோக்கி: மகனே, உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது என்றார்" என்றிருக்கிறது. அவர்கள் விசுவாசம். கூரையைப் பிரித்தவர்களின் விசுவாசம். சுமந்து வந்த நாலுபேரின் கையில் இருந்ததை, சுமக்கப்பட்டவனின் நெஞ்சில் இருந்ததா என்று நீங்கள் தேடுகிறீர்கள்.

முதலில் மன்னிப்புதான் வருகிறது, அதுவும் "மகனே" என்ற விளிப்போடு வருகிறது. மத்தேயு இதையே எழுதும்போது "திடன்கொள்" என்ற சொல்லையும் சேர்க்கிறார். பிறகு என்ன நடக்கிறது? உடனே அவன் எழுந்து நடக்கவில்லை. வேதச் சட்டம் படித்த வேதபாரகர் மனதுக்குள் முறுமுறுக்கிறார்கள், தேவன் ஒருவரே தவிரப் பாவங்களை மன்னிக்கத்தக்கவர் யார் என்று. இயேசு அதை அறிந்து அவர்களோடு பேசத் தொடங்குகிறார். அந்தப் பேச்சு நடக்கும் நேரமெல்லாம் அவன் அங்கேயே, கூரையிலிருந்து உதிர்ந்த மண்ணுக்கு நடுவில், படுக்கையிலேயே கிடக்கிறான். முழுவதுமாக மன்னிக்கப்பட்டவனாகவும், கைகால் அசையாதவனாகவும், ஒரே நேரத்தில். அந்த இடைவேளையில் யாராவது அவனைப் பார்த்து, நீ இன்னும் எழவில்லையே, ஆகையால் மன்னிக்கப்படவில்லை என்று சொல்லியிருந்தால், அது ஆண்டவரின் வார்த்தையைப் பொய்யாக்கியிருக்கும் அல்லவா?

என் வார்டுகளில் நான் பார்த்த விசுவாசிகளில் பெரும்பாலோர் அந்த இடைவேளையில் இருந்தவர்கள்தான். சிலருக்கு அது மூன்று நிமிஷம், சிலருக்கு மூன்று வருஷம், சிலருக்கு உயிர் இருக்கும்வரை.

பின்பு வருகிற சுகமும் யாருக்காக என்று அந்த வசனமே சொல்கிறது: "பூமியிலே பாவங்களை மன்னிக்க மனுஷகுமாரனுக்கு அதிகாரம் உண்டென்பதை நீங்கள் அறியவேண்டும்." இங்கே "நீங்கள்" என்பது முறுமுறுத்த வேதபாரகரை. அத்தாட்சி தேவைப்பட்டது அவர்களுக்கு. படுத்திருந்தவனுக்கு, உன் பாவம் மன்னிக்கப்பட்டதா என்று உன் கால்களைப் பார்த்துத் தெரிந்துகொள் என்று எங்கும் சொல்லப்படவில்லை. நீங்கள் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டீர்கள்: இலவசமாக முதலில் வந்த மன்னிப்பைச் சுகத்துக்குக் கட்டவேண்டிய விலையாக வைத்து, சுகத்தை அந்த விலை கட்டியதற்கான ரசீதாக ஆக்கினீர்கள். ரசீது கையில் கிடைக்காதவர் என்ன நினைப்பார்?

சரி, பாவத்துக்கும் வியாதிக்கும் சம்பந்தமே இல்லை என்கிறாயா என்று நீங்கள் கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. "நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று" என்று முப்பத்திரண்டாம் சங்கீதத்தில் இருப்பதை நான் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். தம்பியின் வயலில் வரப்பை நகர்த்தி வைத்துவிட்டு, நெஞ்சுவலி என்று மாதம் ஒருமுறை ஈசிஜி எடுக்க வந்துகொண்டிருந்த ஒருவர், எங்கள் ஆஸ்பத்திரிக் குருவான சாப்ளினிடம் மனம்விட்டுப் பேசி, கல்லைப் பழைய இடத்தில் நட்ட பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. குடித்துக் கல்லீரல் வீங்கியவரிடம் குடியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. முப்பத்தெட்டு வருடம் பெதஸ்தா குளத்தங்கரையில் கிடந்தவனைச் சுகமாக்கிய பின், அதிக கேடானதொன்றும் வராதபடி இனிப் பாவஞ்செய்யாதே என்று ஆண்டவர் சொன்னதும் எனக்குத் தெரியும். ஆனால் சுகமாக்கிய பின் சொன்னார், ஐயா. தேவாலயத்தில் அவனைத் தனியாகக் கண்டு சொன்னார், ஒலிபெருக்கியில் சொல்லவில்லை.

அதே யோவான் சுவிசேஷத்தில் நாலு அதிகாரம் தள்ளிப் பாருங்கள். "இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இரண்டுமில்லை என்பது பதில். ஆண்டவர் மறுத்த கேள்வியை நாம் ஆலோசனை மேசையில் அச்சடித்த படிவமாக வைத்திருக்கிறோம்: முன்னோர் செய்த விக்கிரக ஆராதனை, குடும்பச் சாபம், கர்ப்பத்தில் பட்ட பயம் என்று கட்டம் கட்டமாக. அந்த அதிகாரத்தின் இறுதியில், பார்வை கிடைத்த பிறகும் அவனைப் பார்த்து "முழுவதும் பாவத்தில் பிறந்த நீ" என்று சொல்லிப் புறம்பே தள்ளியவர்கள் யார் என்பதையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தைச் சொல்லாமல் எந்தக் கூட்டமும் முடிவதில்லை. எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லும் பகுதி. அதில் வியாதிப்பட்டவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: "சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக." அவன் படுத்திருக்கிறான், மூப்பர்கள் நடந்து போகிறார்கள். விசுவாசமுள்ள ஜெபத்தைச் செய்கிறவர்களும் அவர்களே. "அவன் பாவஞ்செய்தவனானால்" என்று ஒரு "ஆனால்" இருக்கிறது பாருங்கள், தமிழில் அது ஒரு சின்ன விகுதி போலத் தெரியும், ஆனால் அறுபத்துமூன்று எண்களை எழுதவேண்டிய அவசியத்தை அந்த ஒரு விகுதி இல்லாமலாக்குகிறது. செய்திருந்தால் மன்னிக்கப்படும், செய்திருக்கத்தான் வேண்டும் என்று யாக்கோபு கட்டாயப்படுத்தவில்லை. "ஒருவருக்கொருவர்" அறிக்கையிடுங்கள் என்பதும் அங்கே உண்டு. வியாதியஸ்தர் மட்டும் அறிக்கையிட, சுகமாயிருப்பவர் கேட்டுக்கொண்டிருக்கும் ஏற்பாடு அந்த அதிகாரத்தில் இல்லை. உங்களில் எத்தனை பேர், ஒரு நோயாளியின் பாவத்தைக் கேட்டுவிட்டு, உங்கள் பாவத்தில் ஒன்றையாவது அவரிடம் சொல்லியிருக்கிறீர்கள்?

கொரிந்து சபையில் அநேகர் வியாதியுள்ளவர்களாயிருந்தார்கள் என்று பவுல் எழுதியதையும் சிலர் எடுத்துக்காட்டுவதுண்டு. அங்கே அவர் கண்டித்தது யாருடைய மறைவான பாவத்தையும் அல்ல. ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறியாயிருக்கும்படி கர்த்தருடைய பந்தியில் ஏழைகளை வெட்கப்படுத்தியதை. ஊரறியச் செய்த காரியம் அது, சபையே சேர்ந்து செய்த காரியம். முன்வரிசையில் மின்விசிறிக்கு நேரே சோபா போட்டு நன்கொடையாளர்களை உட்காரவைத்து, சக்கர நாற்காலிகளைப் பந்தலின் கடைசியில் கழிப்பறை ஓரமாக நிறுத்துகிற நாம் அந்தப் பகுதியைக் கொஞ்சம் பயத்தோடு வாசிக்கலாம்.

இந்தப் பழக்கம் புதிதாக வந்த ஊழியங்களோடு தொடங்கியது என்று எங்கள் பழைய சபைக்காரர்கள் சொல்லிக்கொள்வதையும் நான் ஏற்கவில்லை. 1662ஆம் ஆண்டு இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெப புத்தகத்தில் வியாதியஸ்தரைச் சந்திக்கும் ஒழுங்கு, உங்கள் வியாதி எதுவானாலும் அது தேவன் உங்களைச் சந்தித்த சந்திப்பு என்று நிச்சயமாய் அறியுங்கள் என்றுதான் படுக்கையில் இருப்பவரிடம் பேசத் தொடங்குகிறது. பொறுமையைச் சோதிப்பதற்காகவும் இருக்கலாம், திருத்துவதற்காகவும் இருக்கலாம் என்று சேர்த்துச் சொன்னாலும், நம் தாத்தா பாட்டிமார் காதில் விழுந்தது திருத்தம் என்ற பாதிதான். கத்தோலிக்கர் பக்கத்திலும், நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்குக்கு நெடுங்காலம் இருந்த "அவஸ்தைப் பூசுதல்" என்ற பெயரே நோயாளியை நடுங்கவைத்தது. சாமியார் எண்ணெயோடு வாசலில் வந்தால் சவப்பெட்டிக்குச் சொல்லிவிட்டார்கள் என்று பொருள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் அதை நோயுற்றோருக்கான அருளடையாளமாகத் திருப்பி வைத்து, 1972இல் புதிய ஒழுங்கு வந்த பிறகு, "நோயில்பூசுதல்" என்ற பெயர் நிலைத்தது. ஒரு பெயரை மாற்றியதாலேயே எத்தனை பேர் சாவுக்கு முன்னால் அல்லாமல் அறுவைக்கு முன்னால் அந்த எண்ணெயைக் கேட்டு வாங்கினார்கள் என்பதை ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்கள் சொல்வார்கள்.

தொழுநோயை எண்ணிப் பாருங்கள். பாவத்துக்கு உவமையாக எத்தனை பிரசங்கம்! லேவியராகமத்தில் குஷ்டம் என்று மொழிபெயர்க்கப்பட்டது துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூட வருகிறது என்பதை அந்தப் பிரசங்கங்களில் நான் ஒருபோதும் கேட்டதில்லை. பாவம் எப்படி விரல்களை அரித்துத் தின்கிறது என்று மேடையில் வர்ணித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் அந்த விரல்களைக் கையில் எடுத்துப் பார்த்து, நோய் சதையைத் தின்னவில்லை, உணர்ச்சி போய்விட்டதால் சூடும் முள்ளும் தெரியாமல் கைகள் காயப்பட்டுக் காயப்பட்டுக் குறைகின்றன என்று காட்டினார். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். அவரிடம் அந்த அறுவையைக் கற்றவர்களில் ஒருவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் போன அந்த இளம் மருத்துவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார், பின்பு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையை நடத்தினார். ஜெபிக்கிற ஆஸ்பத்திரியில், ஜெபிக்கிற பெண். அவர் எழுந்து நடக்கவில்லை. உங்கள் ஆலோசனை மேசைக்கு அவர் வந்திருந்தால் என்ன படிவம் நீட்டியிருப்பீர்கள் என்று நான் யோசித்ததுண்டு.

எங்கள் பக்கத்திலேயே டோனாவூரில் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் தவறி விழுந்து, 1951இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் அறையை விட்டு வெளியே வராமலே இருந்தார். அவர் விசுவாசத்தில் குறைந்தவர் என்று இந்த மாவட்டத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சொல்லத் துணியவும் மாட்டார்கள். பெயர் பெற்றவர்களுக்கு ஒரு நியாயமும் பீடி சுற்றுகிறவளுக்கு இன்னொன்றுமா?

வேதத்திலேயும் சுகமாகாதவர்கள் வரிசையாக இருக்கிறார்கள், நாம்தான் அவர்களைத் தாண்டி வாசிக்கிறோம். செத்தவனை எழுப்பிய எலிசா, மரணத்துக்கு ஏதுவான வியாதியாய்க் கிடந்து மரித்தார். பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வந்த பலவீனங்களுக்கும் அவர் எழுதி அனுப்பியது கொஞ்சம் திராட்சரசம், கண்டிப்பு அல்ல. தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார்; "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது. அந்தப் பதிலில் மறைவான பாவத்தைத் தேடு என்ற கட்டளை இல்லை. எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்துப் பதினைந்து வருடம் கூட்டிப் பெற்றார் என்று பிரசங்கிக்கிறோம். அதே இடத்தில் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னதை ஏன் விட்டுவிடுகிறோம்? பற்றுப்போட்டதால் ஜெபம் கெட்டுப்போயிற்று என்று ஏசாயா நினைக்கவில்லை.

துன்பத்துக்குக் காரணம் அவன் பாவமே என்று வாதாடிய யோபுவின் நண்பர்களைப் பற்றி நான் நீட்டப்போவதில்லை. ஏழு நாள் தரையில் உட்கார்ந்து பேசாமல் இருந்தவரையில் அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள்.

உங்களை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. ஜனங்களுக்கு ஜெபம் வேண்டும். ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு நிமிடம்கூட முகம் பார்த்துப் பேச ஆள் கிடைக்காதவர்களுக்கு, தலையில் ஒரு கை வைக்கப்படுவதே எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது சில மாற்றங்களை மட்டுமே, அவற்றுக்குப் பணச்செலவும் இல்லை. முதல் நாள் இரவு, சுகத்துக்காக ஜெபிக்குமுன், இங்கே சுகம் பெறாமல் வீடு திரும்புகிறவர்களும் கிறிஸ்துவினால் மன்னிக்கப்பட்டவர்களே, சுகம் வராதது அதற்கு எதிரான சாட்சி அல்ல என்று ஒலிபெருக்கியில் தெளிவாகச் சொல்லுங்கள். மூன்று நாளும் சொல்லுங்கள், ஏனென்றால் மூன்று நாளும் வேறு வேறு பேருந்துகளில் வேறு வேறு ஜனங்கள் வருகிறார்கள். மருந்தைப் பற்றியும் அப்போதே சொல்லுங்கள்; நாங்கள் நிறுத்தச் சொல்வதில்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னதை, எறிந்துவிட்டுப் போகிறவர்கள் கேட்கும்படி சொல்வதில் என்ன தடை? ஆலோசனை மேசையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்துவிடுங்கள். யாராவது தாங்களாக மனம்விட்டுப் பேச வந்தால் கேளுங்கள், இரகசியம் காத்து மன்னிப்பின் வார்த்தையைச் சொல்லி அனுப்புங்கள், ஆனால் எதையும் தோண்ட வேண்டாம்.

சாட்சி சொல்ல மேடைக்கு வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிரான்சில் லூர்து நகரத்துக்கு 1858 முதல் நோயாளிகள் போகிறார்கள். அங்கே குணமடைந்ததாக ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவ அலுவலகத்தில் பதிந்திருக்கிறார்கள். அவற்றில் அற்புதம் என்று திருச்சபை அறிவித்தவை எழுபதைச் சற்றே தாண்டும். பழைய மருத்துவ அறிக்கைகளைப் பார்த்து, பல வருடம் காத்திருந்து, நோய் திரும்பவில்லை என்று உறுதி செய்த பிறகே ஒன்றைச் சொல்கிறார்கள். ரோமாபுரியிலிருந்து 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த குணமளிக்கும் ஜெபங்கள் பற்றிய அறிவுரையும், இக்கூட்டங்களில் வெறியுணர்ச்சியும் நாடகத்தன்மையும் பரபரப்பும் தலைகாட்டக் கூடாது என்கிறது. நாம் சீர்திருத்தச் சபைக்காரர்கள் என்ற பெருமையில் இதையெல்லாம் பார்ப்பதில்லை. நமக்கு அன்றிரவே சாட்சி வேண்டியிருக்கிறது, மறுநாள் சுவரொட்டிக்கு. சர்க்கரை குறைந்துவிட்டது என்று மேடையில் கையை உயர்த்திய ஒருவருக்கு, கூடாரத்தில் நான் பார்த்தபோது நானூற்றுப் பன்னிரண்டு இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் அவருக்கு உடம்பு இலகுவாக இருந்தது, அதைச் சொன்னார். ஆறு மாதம் பொறுத்து, அவருடைய டாக்டரின் சீட்டோடு அடுத்த வருடம் வந்து சாட்சி சொல்லச் சொல்லுங்கள். உண்மையான சுகம் ஒரு வருடத்தில் கெட்டுப்போகாது.

எங்கள் குருமார்களுக்கு இன்னொரு வேண்டுகோள். கூட்டம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு பேசியவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள்; சுகமாகாதவர்கள் உங்கள் சேகரத்திலேயே இருப்பார்கள். அந்த வாரம் யார் ஆலயத்துக்கு வரவில்லை என்று ஆலய வேலை பார்க்கும் கோவில்குட்டியாரிடம் கேட்டு, அந்த வீடுகளுக்குப் போங்கள். யாக்கோபு சொன்னபடி நீங்கள் நடந்து போங்கள். எண்ணெய் கொண்டுபோங்கள், நல்லதுதான், இராப்போஜனமும் கொண்டுபோங்கள். என் சின்னம்மா மகளிடம் அப்படி யாரும் போகவில்லை. போனவர்கள், அவள் விசுவாசத்தில் தளர்ந்துவிடக்கூடாது என்பதற்காக, சாவைப் பற்றியோ மன்னிப்பைப் பற்றியோ பேசாமல் சுகத்தைப் பற்றியே பேசிவிட்டு வந்தார்கள். கடைசி நாள் நான்தான் அவள் காதில், மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிற அந்த ஒரு வரியை, மகனே என்ற இடத்தில் மகளே என்று மாற்றிச் சொன்னேன். எனக்கு அதிகாரம் உண்டா என்று தெரியாது, குருப்பட்டம் பெறாதவள். அவளுக்குக் கேட்டதா என்றும் தெரியாது, மூச்சு அப்போதே இழுக்கத் தொடங்கியிருந்தது.

வருகிற மே மாதமும் அதே கூடாரத்தில் இருப்பேன். நோட்டு என் பையில் இருக்கும். மேடையேறுமுன் பத்து நிமிடம் ஒதுக்கி வந்து, பின்பக்கத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். எழுத்து கோணலாக இருக்கும், கண்ணாடியோடு வாருங்கள்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருத்தி